அண்டிரிக்கு அடிகளாரின் ஊராருக்கு: விலா விசோசா நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

விலா விசோசா நகராட்சி மன்றத்தாருக்கும், அந்நகரின் அரண்மனையைப் பேணிவரும் பிரகான்சா இல்ல அறக்கட்டளையினருக்கும்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். உங்கள் ஊரைப் பற்றிப் பேச உனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்டால், என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. 1520-இல் விலா விசோசாவில் பிறந்த அன்றிக்கே அன்றிக்கஸ் என்ற இயேசு சபைத் துறவி எங்கள் கடற்கரைக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடி மண்ணில்தான் அடக்கமானார். நாங்கள் அவரை அண்டிரிக்கு அடிகளார் என்று சொல்வோம். இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது அவர் உருவாக்கிய தமிழ் நூல். அந்த உறவின் பெயரால் எழுதுகிறேன்.

மடலைத் தமிழில் எழுதுகிறேன். என் ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த உங்கள் ஊர்க் கதையையே இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சுகலின் கிழக்கே, ஸ்பெயின் எல்லைக்கு அருகில், அலென்தேஜு வட்டாரத்தில் இருக்கிறது விலா விசோசா. மொத்த நகராட்சிக்கும் மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடாது. மூன்றாம் அஃபோன்சு மன்னர் 1270-இல் ஊருக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். அவர் மகன் தினிஸ் கோட்டை எழுப்பினார். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்கள், தெருவோரம் ஆரஞ்சு மரங்கள், எங்கு பார்த்தாலும் பளிங்கு. எஸ்த்ரமோஸ், போர்பா, விலா விசோசா என்ற மூன்று ஊர்களின் அடியிலும் ஒரே பளிங்குப் படுகை ஓடுகிறது. ரோமானியர் காலத்திலேயே அதை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வேறு ஊர்களில் மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் மட்டுமே வாய்க்கும் கல், இங்கே எளியவர் வீட்டு வாசற்படியாகவும் சன்னல் சட்டமாகவும் கிடக்கிறது.

அந்தக் கல் சோறு போடுகிறது, உயிரையும் கேட்டிருக்கிறது. 2018 நவம்பர் 19 அன்று, போர்பாவுக்கும் விலா விசோசாவுக்கும் இடையிலான பழைய சாலையின் ஒரு பகுதி அப்படியே கல் வெட்டும் குழிக்குள் சரிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பக்கங்களில் வெட்டிக்கொண்டே போனதில், சாலை ஆழ்குழிகளின் விளிம்பில் ஒரு குறுகிய மதில் போல நின்றிருந்தது. பளிங்கின் அழகைப் பேசும் எவரும் இந்தச் சாலையைப் பேசாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரின் பெயரை ஐரோப்பா அறிந்தது பிரகான்சா கோமகன்களால்தான். அந்தக் குடும்பத்தின் கதை இரத்தத்தில் தொடங்குகிறது. மூன்றாவது கோமகன் ஃபெர்னாந்துவை இரண்டாம் ஜுவாவ் மன்னர் 1483-இல் எவோரா நகரில் தலை வெட்டிக் கொன்றார். குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது. அடுத்த மன்னர் மனுவேல் அவர்களைத் திரும்ப அழைத்துச் சொத்துகளைக் கொடுத்தார். அப்படித் திரும்பி வந்த மகன் ஜைமே 1501-இல் கோட்டைக்கு வெளியே புதிய அரண்மனையைத் தொடங்கினார். 1512-இல் சந்தேகத்தின் பேரில் தம் இளம் மனைவி லியனோரைக் கொன்றவரும் இதே ஜைமேதான். பின்வந்தவர்கள் கட்டிக் கட்டி, இன்று அரண்மனையின் முகப்பு 110 மீட்டர் நீளத்துக்கு, மூன்று அடுக்காக, முழுவதும் உள்ளூர்ப் பளிங்கில் நிற்கிறது. உள்ளே ஆன்ட்வெர்ப் நகரில் 1558-இல் செய்வித்த வண்ண ஓடுகள். அடுக்களையில் நூற்றுக்கணக்கான செம்புப் பாத்திரங்கள். 1584-இல் ரோமாபுரிக்குப் போகும் வழியில் ஜப்பானிய இளைஞர் தூதுக்குழு இங்கே வந்து தங்கிப் போனது. பேரரசுத் தலைநகரத்துக்கு வெளியே, எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றில் உலகம் இப்படி வந்துபோயிருக்கிறது.

1640-இல் ஸ்பெயினின் அறுபதாண்டு ஆட்சியை எதிர்த்து லிஸ்பனில் கிளர்ச்சி நடந்தபோது, விலா விசோசாவில் இருந்த எட்டாவது கோமகன் நான்காம் ஜுவாவ் என்ற பெயரில் மன்னரானார். அவருக்கு 1638-இல் இங்கே பிறந்த மகள் கத்தரீனா. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அவர் மணமாகிப் போனபோது சீதனமாகச் சென்ற இடங்களுள் ஒன்று பம்பாய். மும்பையின் தலைவிதியை மாற்றிய பெண் பிறந்தது உங்கள் ஊரில்தான் என்பது எங்கள் நாட்டில் பலருக்குத் தெரியாது. 1646-இல் ஜுவாவ் மன்னர் கோட்டைக்குள் இருக்கும் அமல அன்னை மரியாளை நாட்டின் பாதுகாவலியாக அறிவித்து, மணிமுடியையும் அவளுக்கே காணிக்கையாக்கினார். அதன்பின் போர்ச்சுகீசிய மன்னர் எவரும் தலையில் மணிமுடி தரிக்கவில்லை. 1665-இல் ஸ்பெயின் படை உங்கள் ஊரை முற்றுகையிட, அருகே மோன்தெஸ் கிளாருஸ் வெளியில் நடந்த போர் போர்ச்சுகலின் விடுதலையை உறுதி செய்தது.

அரசவை லிஸ்பனுக்குப் போன பிறகு அரண்மனை வேட்டைக்கால மாளிகையாகச் சுருங்கியது. ஓவியமும் வேட்டையுமாக இருந்த கார்லோஸ் மன்னர் 1908 பிப்ரவரி 1 அன்று இங்கிருந்துதான் லிஸ்பனுக்குப் புறப்பட்டார். அன்று மாலையே குடும்பத்தோடு திறந்த வண்டியில் போனபோது, அவரும் மூத்த மகனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் வழிகாட்டிகள் நாள்தோறும் சொல்வது. கார்லோஸுக்குப் பின் பதினெட்டு வயதில் அரியணை ஏறிய இளைய மகன் இரண்டாம் மனுவேல் 1910 புரட்சியில் நாடிழந்தார். இங்கிலாந்தில் குடியேறி, எஞ்சிய வாழ்நாளில் பழைய போர்ச்சுகீசிய அச்சு நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1489 முதல் 1600 வரையிலான நூல்களுக்கு அவர் எழுதிய பெரும் விவரப்பட்டியல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1932-இல் அவர் இறந்தார். அவரது விருப்பப்படி உங்கள் அறக்கட்டளை உருவானது. அந்த நூல்கள் விலா விசோசா அரண்மனைக்கு வந்து சேர்ந்தன. பிரகான்சாக்கள் ஊருக்குச் செய்தவற்றுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், பளிங்கு முகப்பைச் சொல்ல மாட்டேன். நாடிழந்த ஒரு மனிதர் சேர்த்த இந்தப் புத்தகங்களைச் சொல்வேன்.

அந்தப் பட்டியலின் ஆண்டுகளை மீண்டும் பாருங்கள்: 1489 முதல் 1600 வரை. தமிழ் அச்சின் முதல் அத்தியாயம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 1554-இல் லிஸ்பனில் தமிழும் போர்ச்சுகீசியமும் சேர்ந்த மறைக்கல்வி நூல் ஒன்று, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அமைத்து, மூன்றாம் ஜுவாவ் மன்னரின் ஆணைப்படி அச்சானது. அதற்கு உழைத்தவர்கள் லிஸ்பனில் இருந்த மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’. 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1580-இல் பாவசங்கீர்த்தன நூல். 1586-இல் அறுநூறு பக்கங்களைத் தாண்டும் ‘அடியார் வரலாறு’. 1578 முதலான இந்த நான்கு தமிழ் நூல்களும் உங்கள் ஊர்க்காரரின் உழைப்பு. அவர் இறந்த ஆண்டு 1600. பட்டியல் முடிகிற ஆண்டும் அதுதான்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். அண்டிரிக்கு யூத வழி வந்த குடும்பத்தவர். 1497-இல் போர்ச்சுகலின் யூதர்கள் கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டார்கள். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ‘புதிய கிறிஸ்தவர்’ என்று தனியே குறித்து வைத்தார்கள். 1536-இல் சமய விசாரணை மன்றம் போர்ச்சுகலுக்கு வந்தபோது முதலில் அமர்ந்தது உங்கள் பக்கத்து நகரமான எவோராவில். அப்போது அண்டிரிக்குக்குப் பதினாறு வயது. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். வம்சத்தைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். 1545-இல் கொயிம்ப்ராவில் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே கப்பலேறினார். அதே சபை 1593-இல் யூத வழியினருக்குக் கதவை அடைத்தது. அந்த முடிவு வந்தபோது அவர் எழுபதைக் கடந்த கிழவராக எங்கள் கரையில் இருந்தார். பிறந்த மண்ணில் சந்தேகத்துக்குரிய இரத்தம் என்று எண்ணப்பட்ட ஒருவர், இங்கே பரதவர் ஊர்களில் மொழியால் உறவானார்.

அவர் வந்த வழியை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1530-களின் நடுவில் முத்துக்குளிப்பு உரிமைக்கான பூசலில் நெருக்கப்பட்ட பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது, வரியும் வந்தது. 1542-இல் பிரான்சிஸ் சேவியரைக் கோவாவுக்குக் கூட்டி வந்தவர் ஆளுநராகப் பொறுப்பேற்க வந்த மார்த்திம் அஃபோன்சு தெ சோசா. அவரும் விலா விசோசாவில் பிறந்தவர்தான். ஒரே ஊரிலிருந்து ஆணையிடும் ஆளுநர் ஒருவரும், மொழி கற்கும் துறவி ஒருவரும் எங்களிடம் வந்தார்கள். அண்டிரிக்கின் நூல்கள் மதம் பரப்ப எழுதப்பட்டவை. அவற்றின் பின்னால் பீரங்கி வைத்த கப்பல்கள் நின்றன. அதைச் சொல்லாமல் அவருக்கு மாலை போட்டால் அது பொய் மாலை.

ஆனால் அவர் மொழியோடு நடந்துகொண்ட விதம் தனி. சேவியர் ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாக ஒப்பித்தார். அண்டிரிக்கு 1547 முதல் இலக்கணத்தோடு உட்கார்ந்தார். தமிழ் பேசவும் எழுதவும் வல்லவர் என்று சேவியரே தம் கடிதத்தில் அவரைப் பாராட்டியிருக்கிறார். லத்தீன் இலக்கண மரபை அளவுகோலாகக் கொண்டு அவர் போர்ச்சுகீசியத்தில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படி இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் அவர் பதிந்த வினை வடிவங்கள், தொல்காப்பியமும் நன்னூலும் காட்டாத, அன்று கடற்கரையில் மக்கள் பேசிய தமிழைக் காட்டுகின்றன. எங்கள் இலக்கணிகள் பேச்சுத் தமிழைப் பதிவுக்கு உரியதென்று கருதாத காலம் அது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் மீனவர் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இன்று எங்களிடம் இருக்கும் சான்றுகளில் முதன்மையானது, உங்கள் ஊர்க்காரர் எழுதி வைத்த அந்தக் குறிப்பேடு.

‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. கோவாவில் ஒருமுறையும் கொல்லத்தில் ஒருமுறையுமாக இரண்டு தடவை எழுத்து வார்த்தார்கள். ஓலையில் எழுதும் வழக்கப்படியே அச்சிலும் புள்ளி கிடையாது. ‘எ’, ‘ஏ’ வேறுபாடும் கிடையாது. படிப்பவர் இடம் பார்த்து உணர்ந்துகொள்ள வேண்டும். ஓலையைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியக்கூடாது என்று எழுத்து வார்த்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். செலவுக்குப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழின் முதல் அச்சகத்துக்கு முதல் போட்டவர்கள் மன்னர்களோ மடங்களோ அல்லர்; கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள். அண்டிரிக்கைப் பற்றிப் பேசும் பலரும் இந்த மீனவர்களை விட்டுவிடுகிறார்கள்.

இன்று அந்த நூலின் பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1554-ஆம் ஆண்டு நூல் லிஸ்பனில் ஒரு அருங்காட்சியகத்தில். ‘அடியார் வரலாறு’ வத்திக்கானில். பிறந்த நாட்டிலும் வத்திக்கானிலும் அடுத்த கண்டத்திலுமாக ஒரு மனிதரின் உழைப்பு சிதறிக் கிடக்கிறது. எங்கள் பக்கமும் குறையுண்டு. 1968-இல் சென்னைக் கடற்கரையில் தமிழறிஞர் சிலைகள் எழுந்தபோது ஜி. யு. போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் இடம் இருந்தது. அவர்களுக்கெல்லாம் முந்திய அண்டிரிக்குக்கு இல்லை.

உங்கள் ஊருக்கு அவர் தனி மனிதரும் அல்லர். கவிஞர் ஃப்ளொர்பெலா எஸ்பாங்கா 1894-இல் அங்கே பிறந்தார். வேறு ஊரில் மறைந்த அவரது எச்சங்களை 1964-இல் நீங்கள் திரும்பக் கொண்டுவந்தீர்கள். பெந்த்து தெ ஜெசுஸ் கராசா 1901-இல் அங்கே விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். லிஸ்பனில் கணிதப் பேராசிரியரானார். 1941-இல் ‘கோஸ்மோஸ் நூலகம்’ என்ற வரிசையைத் தொடங்கி, அறிவியலும் வரலாறும் சாதாரண மக்களின் கைக்கு எட்டும்படி நூறுக்கும் மேற்பட்ட சிறு நூல்களை வெளியிட்டார். சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி 1946-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. இரண்டே ஆண்டில் இறந்துபோனார். எனக்கு அண்டிரிக்கையும் கராசாவையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருவர் விசுவாசி, மற்றவர் இடதுசாரி; இடையில் நானூறு ஆண்டுகள். இருவரும் அரண்மனைக்கு வெளியே பிறந்து, எழுத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனவர்கள்.

‘மறுமலர்ச்சிக்காலக் கோமகன் நகரம்’ என்ற முறையில் உங்கள் ஊர் யுனெஸ்கோவுக்கான போர்ச்சுகலின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தகுதி உங்களுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. என் வேண்டுகோள், அந்த விண்ணப்பத்தில் ஊரின் கதையைக் கோமகன்களோடு முடித்துவிட வேண்டாம் என்பதுதான். அரண்மனையின் பளிங்கை வெட்டிச் சுமந்தவர்களும், அந்த அரண்மனைக்கு வெளியே பிறந்து எழுத்தோடு வெளியேறியவர்களும் அதில் வர வேண்டும். யூத வழியினர் என்பதற்காக ஒரு சபை அண்டிரிக்கை வெளியேற்றியதையும் எழுதுங்கள். ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து துரத்தப்பட்ட செஃபார்திய யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க 2013-இல் சட்டம் இயற்றிய நாடு உங்களுடையது. அதற்குத் துணிந்தவர்களுக்கு இது கடினமாக இருக்காது.

அறக்கட்டளையினரிடம் கேட்பது சிறியது. மனுவேல் மன்னரின் நூல்கள் இருக்கும் அரண்மனையில், அவருடைய பட்டியலின் ஆண்டுகளுக்குள் வரும் இந்தத் தமிழ் நூல்களின் நகல் பக்கங்களைக் காட்சிக்கு வையுங்கள். ஹார்வர்டிலிருந்து ‘தம்பிரான் வணக்கம்’ முகப்புப் பக்கம் ஒன்று. லிஸ்பனிலிருந்து இலக்கணக் கையெழுத்துப்படியில் ஒரு பக்கம். பக்கத்தில் விளக்கக் குறிப்பு போர்ச்சுகீசியத்திலும் தமிழிலும் இருக்கட்டும். அதன் தமிழ் வாசகத்தை எழுதப் பேராசிரியர்களை மட்டும் அழைக்காதீர்கள். புன்னைக்காயல், தூத்துக்குடி ஊர்க்காரர்களையும் கேளுங்கள். முன்னோர் பணம் போட்ட நூல் அது. என்ன எழுத வேண்டும் என்று சொல்ல அவர்களுக்குத் தெரியும்.

நகராட்சியினரிடம் இன்னொன்று கேட்கிறேன். உங்கள் கல்தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள், கல்லும் இருக்கிறது. விலா விசோசாப் பளிங்கில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தலைப்பைத் தமிழ் எழுத்தில் செதுக்கி இரண்டு பலகைகள் செய்யுங்கள். ஒன்றை அவர் பிறந்த ஊரில் வையுங்கள், மற்றொன்றைப் புன்னைக்காயலுக்கு அனுப்புங்கள். இங்கே அதைப் பெற்றுக்கொண்டு நிறுவ ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். செதுக்கும்போது இன்றைய எழுத்துமுறைக்கு மாற்ற வேண்டாம். 1578-ஆம் ஆண்டு அச்சில் எழுத்துகள் எப்படி இருக்கின்றனவோ, புள்ளி உள்பட எதையும் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே செதுக்குங்கள். யாராவது ஒரு தமிழர் நல்லெண்ணத்தோடு வந்து பிழை திருத்தித் தருகிறேன் என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

மரியாதையுடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு தமிழ் வாசகன்